புதிய காலும் பழைய பழக்கமும்

குடும்ப மறைக்கல்விப் பாடம்

வாசிக்க: 1 சாமுவேல் 17:38-40, மாற்கு 8:22-26



நோயுற்றோரைப் பற்றி மறையுரைகளில் அடிக்கடி கேட்கின்றோம். ஆனால் நோய் தீர்ந்த பின்பும் குறை நீங்காமல் வாழ்வோரைப் பற்றி நாம் பேசுவது குறைவு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இத்தகையோர் பலர் எம் மத்தியில் இருக்கின்றார்கள். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் கண்ணிவெடியாலோ எறிகணையாலோ காலை இழந்து, பின்னர் கொழும்பில் குடியேறியவர்கள் உள்ளார்கள். நீரிழிவினால் காலை எடுக்க நேர்ந்த தந்தையரும் தாய்மாரும் உள்ளார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் காயமுற்று, அதன் வடுக்களோடு இன்றும் வாழ்பவர்களும் உள்ளார்கள்.

இவர்களுள் செயற்கைக் கால் அணிவோரின் வாழ்வில் ஒரு சிறு சிக்கல் திரும்பத் திரும்ப வருகின்றது. வெளியாருக்கு அது சிறியதாகத் தோன்றினாலும், வீட்டுக்குள் பெரிய மனத்தாங்கலுக்கு அது காரணமாகிவிடுகின்றது.

செயற்கைக் கால் ஆயுள் முழுவதற்கும் உரியதன்று. சில ஆண்டுகளில் அது தேய்கின்றது. அதைவிட முக்கியம், அதனுள் அமரும் எஞ்சிய கால் மெலிகின்றது அல்லது பருக்கின்றது. ஆகவே புதிய கால் செய்ய வேண்டியதாகின்றது. பிள்ளைகள் காசு சேர்க்கின்றார்கள். அல்லது ஓர் அறநிறுவனம் உதவுகின்றது. புதிய கால் வீட்டுக்கு வரும் நாள் ஒரு பெருநாள் போல் இருக்கும். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் புதிய கால் அலுமாரியின் மேல் இருக்கின்றது. பழைய கால் மறுபடியும் அப்பாவின் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றது. "இவ்வளவு செலவழித்தும் போடுகிறாரில்லை" என்று பிள்ளைகள் மனம் நோகின்றார்கள். தகப்பன் எதுவும் பேசுவதில்லை. அந்த மௌனத்தைச் சிலர் பிடிவாதம் என்கின்றார்கள், சிலர் நன்றியின்மை என்கின்றார்கள்.

பிழை யாருடையது? காலினுடையதா, காலை அணிபவருடையதா, வீட்டாருடையதா? மேலே குறித்த இரு மறைநூல் பகுதிகளையும் அருகருகே வைத்து இக்கேள்வியை ஆராய்வதே இன்றைய பாடம்.

1. பழக்கம் எங்கே குடியிருக்கின்றது?

மனிதன் உடலுக்குள் ஏறி அமர்ந்து அதை வண்டியைப் போல் ஓட்டும் ஆன்மா அல்லன். ஆன்மாவும் உடலும் இணைந்த ஒரே ஆள் அவன். 1311-1312ஆம் ஆண்டுகளில் கூடிய வியன் பொதுச்சங்கம், ஆன்மாவே உடலுக்கு உயிர்வடிவம் தருவது என்று இதைத் திருச்சபையின் போதனையாக உரைத்தது. இந்தப் பழைய மறையியல் உண்மை எமது பொருளுக்கு மிக நெருக்கமானது. உடல் கற்றுக்கொண்டதை ஆளும் கற்றுக்கொண்டிருக்கின்றார். உடல் ஒன்றை மறக்க வேண்டியிருந்தால், ஆளும் ஒன்றை இழக்கவே வேண்டியிருக்கும்.

பதினைந்து ஆண்டுகளாக ஒரே செயற்கைக் காலோடு நடந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அக்கால் சற்று நீளமாக இருந்திருக்கலாம். அதற்கேற்ப இடுப்பைத் தூக்கி நடக்கப் பழகியிருப்பார். கூடு ஓரிடத்தில் உராய்ந்திருக்கலாம். அவ்விடத்தில் பாரம் படாதபடி ஒரு பக்கம் சாயப் பழகியிருப்பார். தளர்ந்த இடத்தில் துணி வைத்திருப்பார், தேய்ந்த வாரை மாற்றித் தைத்திருப்பார். எந்தப் படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று அவர் யோசிப்பதேயில்லை. இடுப்பும் முதுகும் மற்றக் காலும் சேர்ந்து ஓர் ஒழுங்கை அமைத்துவிட்டன.

இப்பொழுது சரியான நீளத்தில் ஒரு புதிய கால் வருகின்றது. பழைய காலோடு விழாமல் நடக்க உதவிய அதே இடுப்புத் தூக்கலும் சாய்வும் இப்போது தடுமாறச் செய்கின்றன. நேராக நிற்பதே கோணலாக நிற்பது போல் தோன்றுகின்றது. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று எமது முதியோர் சொல்வது வெறும் குணத்தைப் பற்றியது மட்டுமன்று. தசைக்கும் நரம்புக்கும் அது பொருந்தும்.

மருத்துவ அறிவும் இதையே சொல்கின்றது. துண்டிக்கப்பட்ட கால் இன்னும் இருப்பது போலவும் வலிப்பது போலவும் பலர் உணர்கின்றார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை வைத்தியர் அம்புறுவாஸ் பாரே இதைக் குறித்து வைத்தார். 1871இல் அமெரிக்க வைத்தியர் வியர் மிச்செல் இதற்கு மாய அவயவம் என்ற பொருளில் பெயரிட்டார். சென்னையில் மருத்துவம் கற்ற எம்மவரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் சாதாரண முகக் கண்ணாடி ஒன்றைப் பெட்டியில் பொருத்தி, இருக்கும் அவயவத்தின் பிம்பத்தை இல்லாத அவயவத்தின் இடத்தில் காட்டி, சிலருக்கு அந்த வலியைத் தணித்தார். மூளை தன்னுள் உடலின் ஒரு வரைபடத்தை வைத்திருக்கின்றது. உடல் மாறினாலும் அந்த வரைபடம் உடனே மாறுவதில்லை. நெடுநாள் அணிந்த செயற்கைக் காலை அணிபவர் தன் உடலின் பகுதி போலவே உணர்வதும் இதனாலேயே.

எனவே அப்பாவின் மௌனத்தை உடனே பிடிவாதம் என்று தீர்ப்பிட வேண்டாம். காலை இழந்த ஒருவர் பழைய செயற்கைக் காலைக் கழற்றி வைக்கும்போது, மெல்லிய அளவில் இன்னுமொரு முறை இழக்கின்றார்.

2. சவுலின் கவசம்

முதல் வாசகத்திற்கு வருவோம். கோலியாத்தை எதிர்க்கப் புறப்படும் தாவீதுக்குச் சவுல் அரசர் தம்முடைய சொந்தப் போர் உடையையே அணிவிக்கின்றார். வெண்கலத் தலைச்சீராவும் மார்புக் கவசமும் தருகின்றார். நாட்டிலேயே சிறந்த கருவிகள் அவை. கொடுத்தவரும் நல்லெண்ணத்தோடே கொடுத்தார். ஆனால் சவுல் எல்லாரையும் விடத் தோள்மட்டம் உயர்ந்தவர் என்று அதே நூல் 9ஆம் அதிகாரத்தில் சொல்கின்றது, தாவீதோ இளைஞன். தாவீது அவற்றை அணிந்து நடந்து பார்க்கின்றான், முடியவில்லை. தனக்குப் பழக்கமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக் கழற்றிவிடுகின்றான். தன் கோலையும் கவணையும், நீரோடையிலிருந்து எடுத்த ஐந்து கூழாங்கற்களையும் கொண்டு போகின்றான்.

இங்கே இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, தாவீது பார்த்தவுடனே மறுக்கவில்லை. அணிந்து, நடந்து பார்த்த பின்பே மறுத்தான். இரண்டாவது, அரசர் தந்தது என்பதற்காக வெட்கப்பட்டு, பொருந்தாததைச் சுமந்து செல்லவில்லை. விலையுயர்ந்தது எல்லாம் பொருத்தமானது அன்று.

இந்தியாவின் ஜெய்ப்பூர்க் காலின் வரலாறு இதற்கு ஏற்ற விளக்கம். மேல்நாட்டு முறையில் செய்த செயற்கைக் கால்கள் முன்பே கிடைத்தன. ஆனால் அவை சப்பாத்து அணிந்து, கதிரையில் அமர்ந்து, சமதரையில் நடப்போரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றோடு குந்தியிருக்க முடியாது, சம்மணமிட்டு உண்ண முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது, கோயிலுக்குள் போக முடியாது. எனவே அவற்றைப் பெற்ற ஏழைகள் பலர் மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள்.

ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் வைத்தியசாலையில் பணிபுரிந்த எலும்பியல் வைத்தியர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் இதை நோயாளரின் நன்றியின்மை என்று எண்ணவில்லை. காலின் குறை என்று கண்டார்கள். 1960களின் இறுதியில், இறப்பரை அச்சில் இட்டு வேகவைத்து, மனிதப் பாதத்தின் வடிவிலேயே, மேடு பள்ளத்திற்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் ஒரு பாதத்தைச் செய்தார்கள். அதற்குச் சப்பாத்து தேவையில்லை. நீரும் சேறும் அதைக் கெடுப்பதில்லை. 1975இல் இதற்கென ஒரு தொண்டு நிறுவனம் ஜெய்ப்பூரில் எழுந்தது. 1981இல் சேத்திக்கு மகசாசே விருது வழங்கப்பட்டது. எமது நாட்டில், 1831இல் தொடங்கிய கொழும்பு பிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி 1985இல் இக்காலைச் செய்யும் பணியை ஆரம்பித்தது. 1987இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் உருவானது. போரின் கொடிய ஆண்டுகளில் எம் மக்களில் எத்தனையோ பேர் எழுந்து நடந்தது இவற்றினாலேயே.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? புதிய கருவியை ஒருவர் ஒதுக்கும்போது முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும், பின்பே ஆளை. ஒதுக்கப்பட்ட அந்தக் கால்களே சேத்திக்கும் சர்மாவுக்கும் பாடம் கற்பித்தன.

3. பெத்சாய்தாவின் இரண்டாம் தொடுகை

ஆனால் தாவீதின் கதையோடு நின்றுவிட்டால், பொருந்தாது என்று சொல்லி எதையும் தள்ளிவிடலாம். ஆகவே மாற்கு நற்செய்தியையும் வாசிக்க வேண்டும்.

பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகின்றார்கள். ஆண்டவர் அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கின்றார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகின்றதா என்று கேட்கின்றார். மனிதர் மரங்களைப் போல் தெரிகின்றார்கள், ஆனால் நடக்கின்றார்கள் என்று அவர் சொல்கின்றார். ஆண்டவர் மீண்டும் கைகளை அவர் கண்கள்மேல் வைக்கின்றார். அப்போதே அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகின்றது.

நான்கு நற்செய்திகளிலும் இவ்வாறு இரண்டு படிகளில் நிகழும் குணமளிப்பு இது ஒன்றே. இதை மாற்கு மட்டுமே எழுதுகின்றார். ஆண்டவருக்கு ஆற்றல் போதவில்லை என்பதன்று இதன் பொருள். இதற்குச் சற்று முன்னர் சீடர்கள் கண்ணிருந்தும் காணாதவர்களாய் இருக்கின்றார்கள். இதற்குச் சற்றுப் பின்னர் பேதுரு இயேசுவை மெசியா என்று அறிக்கையிட்டும், சிலுவையை ஏற்க மறுத்துக் கண்டிக்கப்படுகின்றார். அவர்களுக்கும் பாதிப் பார்வையே கிடைத்திருந்தது. விசுவாசமும் படிப்படியாகத் தெளிவடைகின்றது என்பதை நற்செய்தியாளர் எமக்குக் காட்டுகின்றார். அருள் மனித இயல்பை அழிப்பதில்லை, அதை நிறைவாக்குகின்றது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்ததும் இங்கே பொருந்துகின்றது. மனித இயல்புக்குக் காலம் வேண்டும். ஆண்டவர் அந்தக் காலத்தைக் கொடுத்தார்.

எமது பாடத்திற்கு இங்கே மூன்று குறிப்புகள் உள்ளன.

ஒன்று: ஆண்டவர் கேட்டார். குணமாக்கியவரே, எப்படி இருக்கின்றது என்று விசாரித்தார். காலைச் செய்து கொடுத்தவரும், காசு கொடுத்தவரும், வீட்டாரும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும். கொடுத்ததோடு கடமை முடிவதில்லை.

இரண்டு: அம்மனிதர் உண்மையைச் சொன்னார். குணமாக்கியவரை மகிழ்விப்பதற்காக, எல்லாம் நன்றாகத் தெரிகின்றது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் மரங்களைப் போன்ற மனிதரோடே வீட்டுக்குப் போயிருப்பார். எம்மவர் பலர் இங்கேதான் தவறுகின்றார்கள். பிள்ளைகள் கஷ்டப்பட்டு வாங்கித் தந்தார்கள், குறை சொன்னால் மனம் நோவார்கள் என்று வலியை மறைக்கின்றார்கள். பின்பு ஒரு நாள் சத்தமில்லாமல் காலைக் கழற்றி மேலே வைத்துவிடுகின்றார்கள். அன்பினால் செய்யும் இந்த மறைப்பு, அன்புக்கே தடையாகின்றது.

மூன்று: இரண்டாவது தொடுகை தேவைப்பட்டது. புதிய கால் முதல் நாளிலேயே பொருந்துவது அரிது. கூட்டைச் சுரண்டவும், உள்ளே மெத்தை வைக்கவும், பாதத்தின் சாய்வைத் திருத்தவும் மறுபடியும் போக வேண்டும். மறுபடி போவது தோல்வியன்று. அது வேலையின் இரண்டாம் பாதி.

காது கேட்கும் கருவிக்கும் இது பொருந்தும். பழைய கருவியோடு பல்லாண்டு வாழ்ந்தவருக்குப் புதிய எண்ணியக் கருவி முதலில் தட்டுக் கரண்டியின் ஓசையையும் காலி வீதி வாகன இரைச்சலையும் பெருஞ்சத்தமாகத் தரும். மூளை அவற்றைப் பிரித்தறியக் கிழமைகள் எடுக்கும். கருவியையும் திருத்தி அமைக்க வேண்டிவரும். புதிய மூக்குக்கண்ணாடி, சக்கர நாற்காலி எல்லாவற்றிற்கும் அளவு வேறே தவிர நியதி ஒன்றே.

4. எப்போது பொறுப்பது, எப்போது கழற்றுவது?

சவுலின் கவசமா, பெத்சாய்தாவின் முதல் தொடுகையா? இதைப் பகுத்தறிவது விவேகம் என்னும் நற்பண்பின் வேலை. அதற்குச் சில தெளிவான அடையாளங்கள் உண்டு.

அந்நியமாகத் தோன்றுவது, களைப்பு, இதுவரை வேலை செய்யாத தசைகளில் ஏற்படும் நோவு, நடை மெதுவாவது: இவை பெரும்பாலும் பழக்கத்தால் தீர்பவை. இவற்றைப் பொறுக்கலாம்.

தோல் சிவந்து, காலைக் கழற்றிப் பத்து இருபது நிமிடம் கடந்தும் சிவப்பு மறையாதிருத்தல், கொப்புளம், புண், எலும்பு முனையில் குத்தும் வலி, திடீர் வீக்கம்: இவற்றைப் பொறுக்கக் கூடாது. இவற்றைச் சிலுவையாக எண்ணி ஒப்புக்கொடுப்பது பக்தியன்று. உடனே கழற்றி, கால் செய்தவரிடமோ வைத்தியரிடமோ காட்ட வேண்டும். நீரிழிவுள்ளவருக்கு இது இரட்டிப்பு அவசியம். அவருடைய கால் உணர்ச்சி குன்றியிருக்கும். புண் வந்தாலும் வலிக்காது. இன்னும் மேலே வெட்ட வேண்டிய நிலைக்கு ஒரு சிறு புண் கொண்டுபோய் விடலாம். ஒவ்வொரு மாலையும் கண்ணால் பார்க்க வேண்டும். தனக்குத் தெரியாத பக்கத்தை ஒரு கண்ணாடி பிடித்தோ, வீட்டில் ஒருவரைக் கொண்டோ பார்க்க வேண்டும்.

வேறு சில நடைமுறைக் குறிப்புகள்: முதல் நாளே முழு நாளும் அணிய வேண்டாம். ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி, சொல்லித் தந்த ஒழுங்கில் கூட்டிக் கொள்ளுங்கள். காலைக் கழுவுவதை இரவில் செய்யுங்கள். காலையில் ஈரமான தோலோடு கூட்டுக்குள் நுழைத்தால் உராய்வு மிகும். கொழும்பின் வெக்கையில் உட்காலுறை வியர்வையில் ஊறும். அதை நாளும் துவைத்து மாற்றுங்கள். கால் பகலில் மெலிந்து கூடு தளர்ந்தால், எத்தனை உறை சேர்ப்பது என்று கேட்டு அறியுங்கள். இன்னொன்றும் பலர் அறியாதது: சில செயற்கைப் பாதங்கள் குறிப்பிட்ட குதி உயரமுள்ள சப்பாத்துக்கு அமைக்கப்பட்டவை. வீட்டு வாசலிலோ, மடு போன்ற யாத்திரைத் தலத்திலோ சப்பாத்தைக் கழற்றினால் கால் பின்னோக்கிச் சாய்ந்து முழங்காலைத் தள்ளும். வெறுங்காலோடு நடப்பது எமது வழக்கம் என்பதைக் கால் செய்யும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

பழைய காலை எறிந்துவிட வேண்டாம். புதியது திருத்தப் போகும் நாளில் அதுவே துணை. அன்றி, "இனி உனக்குப் பழையது இல்லை" என்று ஒருவரை மடக்குவது பயிற்சியாகாது.

5. புதியதை ஏற்பது கடமையா?

இக்கேள்வியைச் சிலர் மனச்சாட்சியின் கேள்வியாகவே எழுப்புகின்றார்கள். உயிரையும் உடல்நலத்தையும் பேணுவது எமது கடமை. ஆயினும் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், 1957 நவம்பர் 24ஆம் நாள் மயக்க மருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், சாதாரண வழிகளையே பயன்படுத்தக் கடமைப்பட்டுள்ளோம் என்றும், ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப அவை மாறும் என்றும், தமக்கோ பிறருக்கோ அளவுமீறிய பாரமாகும் வழிகள் கட்டாயமல்ல என்றும் தெளிவுபடுத்தினார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980 மே 5ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையும், குடும்பத்தின்மேல் மிகுந்த செலவைச் சுமத்த விரும்பாமை ஏற்கத்தக்க காரணங்களுள் ஒன்று என்று கூறுகின்றது. இவை உயிர்காக்கும் சிகிச்சை பற்றிக் கூறப்பட்டவை. அதிலேயே இவ்வளவு விரிந்த மனம் இருந்தால், நடையை இலகுவாக்கும் கருவியில் எவ்வளவு அதிகமாக இருக்க வேண்டும்!

ஆகவே நாட்பட ஆராய்ந்து, முயன்று, "எனக்குப் பழையதே போதும்" என்று ஒரு முதியவர் சொன்னால், அவர் பாவம் செய்யவில்லை. ஆனால் முயலாமல் மறுப்பதும், பொருந்தாத பழைய கூட்டினால் புண் வரும் என்று அறிந்தும் அதையே அணிவதும் வேறு. அங்கே கடமை பேசுகின்றது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இதற்கு ஒரு சாட்சி. முழங்கால் நோவினால் வருந்திய அவர், அறுவைச் சிகிச்சையை விரும்பவில்லை. ஆனால் 2022 மே மாதத்தில், 85ஆம் வயதில், சக்கர நாற்காலியில் அமர்ந்து உலகின் முன் வந்தார். ஒன்றை மறுத்தார், மற்றதை வெட்கமின்றி ஏற்றார். இரண்டும் பணியைத் தொடர்வதற்காகவே.

இன்னொரு கேள்வியையும் மனத்துள் கேட்டுக்கொள்ளலாம்: எதற்காக எனக்கு இப்புதிய கால்? புனித லொயோலா இஞ்ஞாசியார் 1521 மே 20ஆம் நாள் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டினால் காலில் அடிபட்டார். பிழையாகப் பொருந்திய எலும்பை மீண்டும் முறித்துச் சேர்த்தார்கள். துருத்தி நின்ற எலும்பு அழகிய சப்பாத்து அணியத் தடையென்று, தாமே கேட்டு அதை அறுக்கச் செய்தார். அந்த வேதனை முழுவதும் தோற்றத்திற்காக! பின்னர் மனம் மாறிய அவர், நொண்டிய காலோடே எருசலேம் வரை யாத்திரை போனார். பிறர் கண்ணுக்கு முழுமையாய்த் தெரிவதற்கு மட்டும் என்றால் எந்தக் காலும் நெடுநாள் திருப்தி தராது. நடந்து போய்ச் செய்ய ஒரு கடமை, ஓர் அன்பு இருந்தால், நொண்டும் காலும் தூரம் போகும்.

6. வீட்டாரும் பங்கும்

சாமுவேல் இரண்டாம் நூல் 9ஆம் அதிகாரத்தில் மெபிபொசேத்து வருகின்றார். ஐந்து வயதில், செவிலித்தாய் தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரு கால்களும் முடமானவர். தாவீது அரசர் அவரைத் தேடி அழைத்து, தம் பந்தியில் எந்நாளும் அமரச் செய்தார். அந்த அதிகாரம் முடியும்போதும் அவர் முடவராகவே இருக்கின்றார் என்று மறைநூல் சொல்கின்றது. நடந்தால்தான் இடம் என்று அரசர் சொல்லவில்லை. இடம் முதலில் கிடைத்தது.

வீட்டாரே, அப்பா புதிய காலோடு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவருடைய கதிரை அவருக்கு உரியது என்பது அவருக்குத் தெரியட்டும். செலவுக் கணக்கை அவர் முன் வாசிக்க வேண்டாம். அயலாரைக் கூப்பிட்டு "நடந்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டாம். ஆண்டவரும் பெத்சாய்தா மனிதரைக் கூட்டத்திலிருந்து விலக்கியே தொட்டார். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிப்ட் வேலை செய்யாத நாள்கள் உண்டு. பயிற்சிக்கு அப்படிகள் உதவும். ஆனால் கைபிடியும் அருகில் ஒரு மகனும் இருக்க வேண்டும். விழுந்தால் சிரிக்காமலும் அலறாமலும் எழுப்புங்கள். மறு பரிசோதனை நாளில் அவரைத் தனியே பஸ்ஸில் அனுப்பாமல் ஒருவர் கூடச் செல்லுங்கள். அவர் சொல்லத் தயங்குவதை, அவருடைய சம்மதத்தோடு, நீங்கள் சொல்லலாம்.

பங்குச் சமூகத்திற்கும் கடமை உண்டு. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் எமது நாட்டில் 1996இல் நிறைவேறியது. சட்டத்திற்கு முன்பே அன்பு எம்மைக் கட்டுகின்றது. கோயில் வாசலில் ஒரு சாய்தளமும் கைபிடியும் அமைப்பது திருவிழா அலங்காரத்தை விடக் குறைந்த பக்தியன்று. முழந்தாளிட முடியாதவர்கள் திருப்பலியில் மனம் கூச வேண்டாம். உடல்நலக் காரணத்தால் முழந்தாளிட இயலாதோர், எழுந்தேற்றத்திற்குப் பின் குரு முழந்தாட்படியும்போது தாழ்ந்து வணங்கலாம் என்று திருப்பலி நூலின் பொது விதிமுறையே கூறுகின்றது. வரிசையில் நடந்துவர அஞ்சுவோருக்கு நற்கருணையை அவர்கள் இருக்கும் இடத்திற்கே கொண்டுபோகலாம்; முன்கூட்டியே உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். செயற்கைக் காலுக்கு நிதி திரட்டும் சபைகள், காலின் விலையோடு திருத்தப் போகும் பயணச் செலவையும் சேர்த்துத் திரட்டினால் அந்த உதவி முழுமையாகும்.

குடும்பமாகக் கலந்துரையாட

1. தாவீது கவசத்தை அணிந்து பார்த்த பின்பே மறுத்தான். எமது வீட்டில் முயலாமலே மறுக்கப்பட்ட உதவி எது?

2. பெத்சாய்தா மனிதர் பாதிதான் தெரிகின்றது என்று சொன்னார். நோயுற்றவர் எம்மிடம் உண்மையைச் சொல்ல நாம் இடம் கொடுக்கின்றோமா? எமது எந்தச் சொல் அவர் வாயை அடைக்கின்றது?

3. எமது கோயிலுக்குச் செயற்கைக் காலோடு ஒருவர் வந்தால் அவருக்கு இடையூறான படி, கதவு, இருக்கை எது?

4. ஒருவருக்கு உதவி கொடுத்த பின் "எப்படி இருக்கின்றது?" என்று கேட்கத் திரும்பிப் போனது கடைசியாக எப்போது?

இந்தக் கிழமைத் தீர்மானம்

கருவியோடு வாழும் ஒருவரைச் சந்தித்து, ஆலோசனை ஏதும் சொல்லாமல், அவருக்கு எது வசதி, எது வேதனை என்று கேட்டு அறிவோம்.

செபம்

ஆண்டவரே, எம் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்பவரே, ஒரே தொடுகையில் எல்லாம் முடிய வேண்டும் என்று அவசரப்படும் எமக்குப் பொறுமை தாரும். பாதி தெரியும்போது பாதி என்று சொல்லும் துணிவைத் தாரும். சுமை பொருந்தாதபோது கழற்றவும், பழக வேண்டியபோது நிலைக்கவும் விவேகம் தாரும். நடக்க முடிந்தோரும் முடியாதோரும் உமது பந்தியில் ஒன்றாய் அமர அருள்புரியும். ஆமென்.